டேங்க் நிறையட்டும்

வாங்க தம்பி. கம்ப்ரசர் பார்க்க வருகிறேன் என்று போனில் பேசினது நீங்கதானே? பவானி ரோட்டில் டயர்க் கடை போடப் போறவர்? உட்காருங்க. அந்தப் பழைய டயர் மேலேயே உட்காரலாம், துடைத்துத்தான் வைத்திருக்கேன். நிழலும் அங்கேதான் இருக்கு.

இதுதான் மெஷின். கிட்ட வந்து பாருங்க. தட்டிப் பாருங்க. கோயில் மணி மாதிரி இருக்கா? தகட்டின் கனம் அப்படி. இவ்வளவு பெரிய டேங்க் சங்ககிரியில் எந்த லாரி ஷெட்டிலும் கிடையாது. ரோட்டில் போகிறவன் வண்டியை மெதுவாக்கி, பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஓட்டிக் காட்டாமல் நான் எதையும் விற்க மாட்டேன். காலி டேங்கிலிருந்து நிறைவதை நீங்க கண்ணால் பார்க்க வேண்டும் என்றே, இருந்த காற்றையெல்லாம் ஷெட் தூசி ஊதித் தீர்த்து வைத்தேன். இதோ சுவிட்சைப் போடறேன். டேங்க் நிறையட்டும். நிறைந்ததும் நட்டு கழற்றுகிற கன்னை மாட்டி, அதோ நிற்கிற லாரியின் பின் சக்கரத்தில் ஒரு நட்டைக் கழற்றிக் காட்டறேன். பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போங்க. விலையைப் பற்றி இனிப் பேச்சில்லை, போனில் பேசினதுதான். காலையில் இன்னொருத்தர் வந்து கேட்டார். இல்லைங்க, இது ஒரு தம்பிக்குச் சொல்லியாச்சு என்றுவிட்டேன். அர்த்தனாரி வாக்கு மாறினான் என்று இந்த ஊரில் ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம்.

டீ சொல்லியிருக்கேன், வந்துவிடும்.

என்ன, எதற்காக விற்கிறேன் என்றா? கேட்பீங்க என்று தெரியும். எல்லோரும் கேட்கிறார்கள். மெஷினில் குறை இல்லை தம்பி. குறையெல்லாம் மனுஷனில்தான்.

வாசலில் போர்டு பார்த்தீங்களா? மாதேசு அர்த்தனாரி லாரி ஒர்க்ஸ். என் கூட்டாளி மாதேசு பெயர்தான் முதலில் இருக்கும். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். அவனேதான் எழுதினான். எழுத்தைப் பாருங்க, அச்சில் வார்த்த மாதிரி இருக்கு. ஒரு கெட்ட குணம் உள்ள ஆளுக்கு இப்படி ஒரு கை. அவன் பெயரை அழித்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழிக்கலாம். ஆனால் அழிக்க ஒரு பெயிண்டர் வேண்டுமே. கண்டவன் கையில் கொடுத்தால் என் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிடுவான்.

மாதேசு பெயிண்டர். நான் சக்கரம், பிரேக், ஸ்பிரிங் பட்டை. லாரியை வருஷா வருஷம் ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் இல்லையா? பெயிண்ட் அடிக்காமல் கொண்டுபோனால் பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் எஃப்சி வருகிறது என்றால் லாரிக்காரர் நேராக இங்கேதான் வருவார். மேல் பக்கம் மாதேசு, அடிப் பக்கம் நான். ஒரே ஷெட்டில் வண்டி உள்ளே போய், கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சொந்தமெல்லாம் கிடையாது. அவன் மேச்சேரிப் பக்கம், நான் திருச்செங்கோடு. ஆனாலும் என் வீட்டில் கோழி அடித்தால் அவனுக்கு ஒரு தூக்குப் போசி தனியாகப் போகும்.

இருந்த பழைய கம்ப்ரசர் ஒரு நாள் புகை விட்டு நின்றது. புதுசு வாங்க வேண்டும். ஆயுத பூஜைக்குள் வாங்கிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அங்கேதான் ஆரம்பித்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். என் வேலைக்குக் காற்று விட்டு விட்டுத்தான் வேண்டும். நட்டில் கன்னை வைத்து ஒரு அழுத்து. டர்ர்ர், முடிந்தது. அடுத்த நட்டுக்குக் கை போவதற்குள் டேங்க் மூச்சு வாங்கிக்கொள்ளும். அவன் வேலை அப்படி இல்லையாம். பட்டி பூசின இடத்தைத் தேய்க்கிற மெஷின் இருக்கே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு கிறுகிறுவென்று சுற்றும், அதற்குக் காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். பெயிண்ட் அடிக்கிற கன்னும் அப்படியேதானாம். பாதிக் கதவில் காற்று இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் தூறலாக விழாமல் துப்புமாம். எல்லாம் அவன் சொல்கிறதுதான்.

தினமும் டீக்கடையில் இதே பேச்சு. டேங்க் எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார் என்பான். இந்த ஷெட்டில் காற்றை அதிகம் குடிக்கிற டூல் எது, அதற்குப் போதுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பான். நான் சொல்வேன், டேங்க் பெருசா இருந்தால் காற்று தானே நிறைய இருக்கும், இதில் என்ன கணக்கு? ஒரு நாள் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"குளிக்கற தொட்டி குளம் மாதிரி இருக்கட்டும் மாப்ள. குழாயில நூல் மாதிரி தண்ணி வந்தா, முதல் ஆள் குளிச்சுட்டுப் போயிருவான். ரெண்டாவது ஆள் சோப்புப் போட்டுட்டு நிக்கணும்."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் விடுவேனா? "சோப்புப் போடறதுக்கு முன்னால தொட்டியப் பாத்துட்டுப் போடணும்டா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும், இவன் மனதில் என்னவோ இருக்கிறது என்று.

மீட்டர் ஊசியா? ஏறுது ஏறுது. பாருங்க, கீழே கிடந்தது இப்போ எழுந்து உட்கார்ந்திருக்கு. இதோ டீயும் வந்துவிட்டது. எடுத்துக்குங்க.

வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சேலம் போய் வாங்குவது என்று பேச்சு. நான் புதன்கிழமையே போனேன். அவனிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை? வந்து இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. பழகினவனுக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுக்கக் கூடாதா? கூட வந்தால் கடைக்காரனோடு நாள் முழுக்க நின்று கேள்வி கேட்பான். இரண்டு பேர் பொதுப் பணம்தான். அதனால் என்ன, எனக்கா வாங்கினேன்? ஷெட்டுக்கு வாங்கினேன்.

கடைக்காரன் நல்ல மனுஷன். என்னென்ன டூல் ஓட்டப் போறீங்க என்று கேட்டான். எல்லாம்தான் என்றேன். பெயிண்டு வேலை உண்டா என்றான். உண்டு என்றேன். உடனே ஒரு மெஷினைக் காட்டினான். அதில் பிஸ்டன் தலை இரண்டு, மோட்டார் ஒரு பன்றிக்குட்டி அளவு, டேங்க் என்னவோ பால் கேன் மாதிரி. அதை ஷெட்டில் வைத்தால் யார் மதிப்பார்கள்? அதுவும் போக, அந்த மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் லைன் இழுக்க வேண்டும். அதற்கு மின்சார ஆபீஸுக்கு நடக்க வேண்டும். பூஜைக்குள் நடக்கிற காரியமா?

"எங்க ஷெட்ல இருக்கற லைன்லயே ஓடணும், டேங்க் மட்டும் இருக்கறதுலயே பெருசாக் குடுங்க" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெரிய பார்ட்டி என்று நினைத்திருப்பான். இவ்வளவு பெரிய டேங்குக்கு இந்த மோட்டார் சின்னதுங்களே என்று இழுத்தான். சின்னதாக இருந்தால் நல்லதுதானே, கரண்ட் மிச்சம் என்றேன். டேங்க்கையும் மோட்டாரையும் ஜோடி சேர்த்து, லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். அப்படித் தேர்ந்தெடுத்த மெஷின் தம்பி இது. ஒரே நாளில், ஒரே ஆளாகப் போய்.

வந்து இறங்கியதும் மாதேசுவைக் கூப்பிட்டேன். கையில் பட்டிக் கரண்டியோடு வந்தான். சுற்றி வந்து பார்த்தான். தகட்டில் காற்றுக் கணக்கு போட்டு ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தான். ரொம்ப நேரம் படித்தான். பிறகு நிமிர்ந்து, "டேங்க் நல்லா இருக்கு மாப்ள" என்றான். அவ்வளவுதான். அவன் வாயாலேயே நல்லா இருக்கு என்று சொன்னான், நீங்க குறித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஊர் முழுக்க வேறு மாதிரி பேசுகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட துரோகம்?

கீழே என்ன குனிந்து பார்க்கறீங்க? அது ஒன்றும் இல்லை, ஒரு சின்னத் திருகு. அதைத் தொட வேண்டாம், நிறைகிற நேரம்.

பூஜை அன்றைக்கு எல்லா டூலையும் கழுவி, மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டேன். டேங்க்கை ஊசி நிற்கிற மட்டும் நிறைத்து வைத்தேன். வெறும் டேங்கோடு பூஜை போடுவது நல்லதில்லை என்று என் மனதுக்குப் பட்டது. அன்றையிலிருந்து அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். சாயங்காலம் கடை சாத்தும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குடத்தை நிறைத்து வைத்துவிட்டுப் படுப்பதில்லையா, அது மாதிரி.

மறுநாளிலிருந்து பிரச்சினை. அவன் தேய்க்க ஆரம்பிப்பான். கொஞ்ச நேரத்தில் தட்டு சோர்ந்து சோர்ந்து சுற்றும். நிறுத்திவிட்டு நிற்பான். டேங்க் ஏறும். மறுபடி தேய்ப்பான். மறுபடி நிற்பான். நான் மீட்டரைக் காட்டுவேன். ஊசி எங்கே நிற்கிறது பார், காற்று இல்லை என்று எந்த வாயால் சொல்கிறாய் என்பேன்.

"ஊசி நிக்கற எடத்தப் பாக்காத மாப்ள" என்பான். "நான் அழுத்துனதுக்கு அப்புறம் அது போற எடத்தப் பாரு."

எதற்கு நான் அதைப் பார்க்க வேண்டும்? அவன் அழுத்தினால் இறங்கத்தான் செய்யும்.

பிறகு பார்த்தால், நான் ஷெட்டுக்கு வருவதற்கு முன்பே அவன் வந்துவிடுகிறான். ராத்திரி நான் நிறைத்து வைத்துப் போன காற்றில் ஒரு கதவு, ஒரு பானெட் என்று அடித்து முடித்துவிடுகிறான். நான் வந்து கன்னை எடுத்தால் புஸ் என்கிறது. இதற்கு என்ன பெயர் தம்பி? காற்றுத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல? அதனால் ஒரு ஒழுங்கு வைத்தேன். முதலில் சக்கர வேலை. அது முடிந்ததும் பெயிண்ட் வேலை. என் நட்டு கழறும்போது அவன் கன்னைத் தொடக் கூடாது. நியாயமான ஏற்பாடுதான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? தேய்க்கிற மெஷினைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, கையால் தேய்க்க ஆரம்பித்தான். ஒரு லாரிக் கேபின் முழுவதும் கையால். தோள்பட்டை இறங்கிப் போய், வலது கை வாய்க்கு ஏறாமல், இடது கையில் போசியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சாப்பிட்டான். எல்லாம் எதற்கு? வருகிற போகிற லாரிக்காரர்கள் பார்த்து, ஐயோ பாவம் மாதேசு என்று சொல்ல வேண்டும். என்னைக் கெட்டவன் ஆக்குவதற்காகவே ஒருத்தன் தன் தோளைக் கெடுத்துக்கொள்வான் என்றால், அந்த மனதை என்னவென்று சொல்வது? எங்க வீட்டில் தைலம் கொடுத்துவிட்டாள். கொண்டுவந்து அவன் பையில் வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

வெயில் உங்க மேலே வந்துவிட்டதா? அந்தக் கல் பக்கம் நகர்ந்துக்குங்க. ஊசி பாதிக்கு வந்தாச்சு. இனி சீக்கிரம்.

நடந்ததைக் கேளுங்க. குறையைச் சொல்ல எத்தனையோ வழி இருக்கு. அவன் எந்த வழியைப் பிடித்தான் என்று கேளுங்க.

நல்லதம்பி என்று ஒரு லாரிக்காரர். எங்களுக்கு ஆரம்ப காலத்திலிருந்து வருகிறவர். மறுநாள் எஃப்சி. கேபினுக்குக் கிளிப்பச்சை கேட்டிருந்தார். மாதேசு கையாலேயே தேய்த்துத் தயார் செய்து வைத்திருந்தான். என் சக்கர வேலை முடிந்ததும், டேங்க் நிறைந்ததும், அடிக்க ஆரம்பித்தான். நிறுத்தி நிறுத்தித்தான் அடித்தான். கடைசிக் கோட்டுப் பெயிண்டும் முடிந்து கொஞ்ச நேரம் ஆனது. பார்த்தால் கதவு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குழி. அம்மை போட்ட முகம் மாதிரி. நல்லதம்பி வந்து பார்த்துவிட்டு, என்னப்பா இது என்றார்.

வாடிக்கையாளர் முகம் வாடிவிட்டது. யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? பேச்சைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"என்னடா மாதேசு, கை நடுங்க ஆரம்பிச்சிருச்சா?"

விளையாட்டுக்குச் சொன்னது. நல்லதம்பிகூடச் சிரித்தார். வயசாகுதில்ல என்று அவரும் ஒரு வார்த்தை போட்டார்.

மாதேசு என்னைப் பார்த்தான். கன்னைத் தரையில் வைத்தான். நேராக இந்த டேங்க்கிடம் வந்தான். மண்டி போட்டு உட்கார்ந்து, நீங்க சற்று முன்னால் பார்த்தீங்களே, அந்தத் திருகைத் திறந்தான்.

தண்ணீர் தம்பி. காற்று டேங்கில் தண்ணீர். டீ டிகாக்‌ஷன் நிறத்தில், துருவும் எண்ணெயும் கலந்து, சீறிக்கொண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. தரையில் ஓடி நல்லதம்பி செருப்பை நனைத்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். மாதேசு எழுந்து நின்றான்.

"கை நடுங்கல மாப்ள" என்றான். "காத்தோட தண்ணி வருது. இதத் தெனமும் தொறந்து விடணும்னு உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்?"

சொன்னான்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராக அடியில் தங்கும், திறந்து விட வேண்டும் என்று சொன்னான். நீ தொடாதே, டேங்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் நீங்களே சொல்லுங்க. அந்தத் திருகைத் திறந்தால் தண்ணீர் மட்டுமா போகும்? காற்றும் சேர்ந்து போகும். அவ்வளவு நேரம் ஓட்டி, அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காற்று. அதை யாராவது அடியில் திறந்து தரையில் விடுவார்களா? புத்தி உள்ளவன் செய்வானா? டேங்க் கண் மூடித் திறப்பதற்குள் நிறைகிறதாக இருந்தால் நானும் தாராளமாகத் திறந்து விட்டிருப்பேன்.

சரி, தப்போ சரியோ, அதை என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டுமா வேண்டாமா? சாயங்காலம் டீக்கடையில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். பழகினவனை, ஒரு லாரிக்காரர் முன்னால், அடி வயிற்றைத் திறந்து காட்டுகிற மாதிரி காட்டுவதா? ஆள் வைத்து அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் அவனை அவர் முன்னால் கேட்டேனே என்றா? தம்பி, அது விளையாட்டு. விளையாட்டுக்கும் வினைக்கும் வித்தியாசம் இல்லையா?

அதோடு விட்டானா? நல்லதம்பியிடம், அண்ணா வண்டிய எடுத்துட்டு எதிர்ல வாங்க, நாளைக்கு எஃப்சிக்கு நான் பொறுப்பு என்றான். எதிரில் என்றால் அதோ, எடை மேடைக்குப் பக்கத்தில் தெரிகிறதே, நீலத் தகரம் போட்ட ஷெட். அங்கே ஒரு கம்ப்ரசர் இருக்கு. நான் சேலத்தில் வேண்டாம் என்றேனே, இரண்டு தலை, பால் கேன் டேங்க், அதே ஜாதி. அங்கே கொண்டுபோய் அந்தக் கேபினை மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தான். காலையில் என் வாசல் வழியாகத்தான் வண்டி எஃப்சிக்குப் போனது. கிளிப்பச்சை. முகம் பார்க்கலாம் அதில். நான் உள்ளே போய்விட்டேன்.

மாதேசு வேலைக்குத் திரும்பி வரவில்லை. அன்று மத்தியானம் ஒரு தடவை வந்து அவனுடைய கன்களையும் தேய்க்கிற மெஷினையும் எடுத்துக்கொண்டான். உப்புத்தாள் சுற்றுகிற கட்டையை மட்டும் அலமாரியில் விட்டுவிட்டான். மறந்துவிட்டானா, இனி அது வேண்டாம் என்று விட்டானா தெரியவில்லை. வாசலில் நின்று போர்டைப் பார்த்தான். அழித்துவிடட்டுமா என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

ரோட்டைத் தாண்டுவது அவ்வளவு சுலபம் போலிருக்கிறது. எங்க வீட்டில், நீங்களே போய்க் கூப்பிட்டால் என்ன என்கிறாள். நான் ஏன் கூப்பிட வேண்டும்? போனவன் அவன். ஷெட் இங்கேதான் இருக்கு, போர்டு இங்கேதான் இருக்கு, வழி தெரியாதவனா?

டீயைக் குடிக்கவில்லையா? ஆறிப் போயிருக்குமே. வேறு சொல்லட்டுமா? வேண்டாமா, சரி.

அந்தச் சத்தம் கேட்குதா? நம் மெஷின் இல்லை. அதற்குப் பின்னால் கேளுங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரே சீராக ஒரு இரைச்சல். அதுதான். இப்போ தேய்க்கிறான். சத்தம் தட்டையாக வந்தால் தேய்க்கிறான் என்று அர்த்தம். பெயிண்ட் அடிக்கும்போது வேறு மாதிரி வரும், மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி. கதவு என்றால் மூச்சு சின்னது, பக்கப் பலகை என்றால் நீளம். இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடுவேன், எந்த இடத்தில் அடிக்கிறான் என்று. அந்த மெஷின் நிற்கவே நிற்காது. எவ்வளவு கரண்ட் வீண், பாருங்க. அவனும் இப்போதெல்லாம் நடுவில் நிற்பதில்லை. இங்கே இருந்தபோது டேங்க் ஏறுவதற்காக நிற்பான் இல்லையா, அப்போது என் பக்கத்தில் வந்து உட்காருவான். பேசிக்கொண்டிருப்போம். நான் நட்டு கழற்றுவேன், அவன் எதையாவது சொல்லி வம்புக்கு இழுப்பான். அது மட்டும் நன்றாக இருந்தது.

இப்போ லாரிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சக்கர வேலைக்கும் அங்கே ஆள் வந்துவிட்டது. எனக்கு எப்போதாவது ஒரு வண்டி. அதற்கு இவ்வளவு பெரிய டேங்க் எதற்கு? அதனால்தான் விற்கிறேன். நான் ஒரு ஆள், நட்டு கழற்ற ஒரு கைப் பானா போதும்.

என்ன தம்பி? யார்?

மாதேசா? மாதேசா உங்களை இங்கே அனுப்பினான்?

பெயிண்டு அடிக்க உங்க வேனைக் கொண்டுபோனீங்களா. அங்கே டயர்க் கடை போடப் போவதாகச் சொன்னீங்களா. சரி. அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்க.

"டயர்க் கடைக்கு அதவிட நல்ல மெஷின் இந்தச் சுத்துப்பட்டுல கெடையாது." அப்படியா சொன்னான்? நல்ல மெஷின் என்றா? அவன் வாயால்? டயருக்கு விட்டு விட்டுத்தான் காற்று வேண்டும், அதற்கு இது போதும் என்றானா. சரி, அதை விடுங்க. நல்ல மெஷின் என்றான் இல்லையா? தண்ணீரை மட்டும் தினமும் திறந்து விடச் சொன்னானா. சொல்லுவான், அவன் குணம். வேறு என்ன சொன்னான்? என்னைப் பற்றி?

"அந்தாளு கொஞ்சம் பேசுவாரு, உக்காந்து கேளுங்க." இவ்வளவுதானா? இதை எப்படிச் சொன்னான், சிரித்துக்கொண்டா, முகத்தை வைத்துக்கொண்டா? சிரித்துக்கொண்டா? நிச்சயமாக?

கொஞ்சம் இருங்க தம்பி. எழுந்திருக்காதீங்க.

நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. இது விற்பனைக்கு இல்லை. இல்லைங்க, விலைக்காகச் சொல்லவில்லை. நீங்க கூடக் கொடுத்தாலும் வேண்டாம். இவ்வளவு நாள் குறை சொன்னவன் நல்ல மெஷின் என்று இன்றைக்குச் சொல்லி அனுப்புகிறான் என்றால் என்ன அர்த்தம்? மனம் மாறிவிட்டது என்று அர்த்தம். நேரே வரக் கூச்சம். அதனால் உங்களை அனுப்பியிருக்கான். அவன் வந்து நிற்கும்போது மெஷின் இல்லை என்றால் எப்படி? வண்டி கொண்டுவந்திருக்கீங்க, தெரியும். அந்த இன்னொருத்தரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டேன், அதனால் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. வாக்கா? வாக்கு என்பது வேறு தம்பி, இது எங்க இரண்டு பேர் விஷயம். உங்களுக்குச் சேலத்துக் கடை முகவரி தருகிறேன். அவர்களிடம் எல்லாம் இருக்கு.

கோபமா? டீயாவது... சரி. போகும்போது எதிர் ஷெட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க. அர்த்தனாரி இதே மாதிரி இன்னொரு டேங்க் வாங்கி இதோடு சேர்க்கப் போகிறான் என்று சொல்லுங்க. இரண்டு டேங்க். இனிமேல் காற்று பத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் இதுவே போதும். அவன் கட்டை அலமாரியில் அப்படியேதான் இருக்கு என்றும் சொல்லுங்க.

தம்பி, தம்பி, வண்டியை எடுக்காதீங்க, ஒரு நிமிஷம். டக் என்று ஒரு சத்தம் கேட்டதா? மோட்டார் தானாக நின்றுவிட்டது. ஊசியைப் பாருங்க. நிறைந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நிறைந்துவிட்டது. நேரமே ஆகவில்லையே. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனால் என்ன?